நெடுங்கடல் பாய்மரப் பயணம்: புறப்படும் தறுவாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்க நினைப்போர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, புறப்படும் நாளை ஊரறியச் சொல்லிவிட்டு அதற்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதுதான். வழியனுப்ப வருவோரின் பயணச்சீட்டு, அலுவலகத்தில் வாங்கிய விடுப்பு, மறுகரையில் காத்திருக்கும் நண்பர் என ஒவ்வொன்றாகச் சேர்ந்து அந்தத் தேதியை அசைக்க முடியாததாக்கிவிடும். அதன்பின் காற்று முன்னறிவிப்பைக்கூடத் தேதிக்குச் சாதகமாகவே படிக்கத் தோன்றும். 1968-இல் தனியாளாக உலகைச் சுற்றும் போட்டியில் இறங்கிய டொனால்ட் குரோஹர்ஸ்ட், விதிப்படி புறப்படக் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, வேலை முடியாத படகுடன் இங்கிலாந்தின் டெய்ன்மவுத் துறையிலிருந்து கிளம்பினார். அவசரத்தில் உதிரிப் பொருட்கள் பல கரையிலேயே தங்கிவிட்டன. உள்ளே புகும் நீரை இறைக்கும் பம்புக்கு உரிய குழாயும் படகில் இல்லை. மறு ஆண்டு ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் அட்லாண்டிக்கில் கண்டெடுக்கப்பட்டது. அந்த முடிவுக்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், தயாராகாத படகைத் தேதி ஒன்றே கடலுக்குத் தள்ளியது என்பதில் ஐயமில்லை.

தேதியைத் தளர்த்தியவர்களும் வானிலையில் வேறொரு தவறு செய்வதுண்டு. சில நாட்களுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பின் நம்பகம் வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், மூன்று வாரப் பயணம் முழுவதற்கும் நல்ல காற்றை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். உடல் கடலுக்குப் பழகாத முதல் இரண்டு மூன்று நாட்கள் மிதமாக அமையுமா என்று பார்த்தால் போதும்.

கடைசி வாரத்தில் புதிய கருவி எதையும் பொருத்தக் கூடாது. அன்று வந்து இறங்கிய ஆட்டோபைலட்டும், ஒரு முறைகூட விரித்துப் பார்க்காத பாயும் தம் குறைகளைக் கரையிலிருந்து நானூறு மைல் தள்ளித்தான் காட்டும். அந்த நேரத்தைப் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குக் கொடுப்பது மேல். கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் திருப்தி அடைபவர்களே அதிகம். ஒருவர் உச்சிவரை ஏறியே ஆக வேண்டும். பஞ்சைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெல்ல உருவிக்கொண்டு வந்தால், கண்ணுக்குத் தெரியாத அறுந்த இழையில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். ஓர் இழை அறுந்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைக்க அது போதுமான காரணம். கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிள்களில் அவை தளராமல் தடுக்கும் பூட்டூசிகள் இருக்கின்றனவா, அவற்றின் கூர்முனைகள் பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் விரலால் தொட்டே உறுதிசெய்ய வேண்டும்.

டீசல் தொட்டியை நிரப்பிவிட்டால் எஞ்சின் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. துறைமுகத்தில் அசையாமல் அடியில் படிந்திருக்கும் கசடு, அலையின் ஆட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். மாற்று ஃபில்டர்களை வாங்கி வைப்பதோடு நில்லாமல், கரையிலேயே ஒரு முறை மாற்றி, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றிப் பழகியிருக்க வேண்டும்.

உணவுப் பொருட்களை அட்டைப் பெட்டிகளோடு உள்ளே ஏற்றினால் கரப்பான் முட்டைகளும் கூடவே ஏறிவிடும்.

ஆபத்து நேர்ந்தால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் ஈபிர்ப் (EPIRB) கருவியை வாங்கி மாட்டியவர்கள் பதிவை மறந்துவிடுகிறார்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் அடையாள எண்ணைக் கொண்டுதான் மீட்பு மையம் படகையும் தொடர்பு எண்களையும் தேடும். பழைய படகின் பெயரும் மாறிப்போன தொலைபேசி எண்ணும் பதிவில் இருந்தால், விசாரணையிலேயே பொன்னான நேரம் போய்விடும். பேட்டரியின் காலாவதி நாளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மின்னணு வரைபடத்தைச் சுருக்கிய அளவில் வைத்துக்கொண்டு பாதை வரைவது, தேர்ந்தவர்களும் செய்யும் தவறு. 2014 நவம்பரில் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் ஓடிய ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் இரவில் மோதியது. போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அங்கே திட்டு இருப்பது அவர்களுக்குப் புலப்படவில்லை. பாதை முழுவதையும் பெரிதாக்கிய அளவில் அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் பொறுமை, படகைக் கட்டிய கயிற்றை அவிழ்த்த பிறகு யாருக்கும் இருப்பதில்லை.

முந்தைய நாள் நள்ளிரவுவரை வேலை பார்த்துவிட்டு விடியலில் புறப்படுவதைப் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. முதல் இரவுக் காவலுக்குத் தூங்காத கண்களோடு உட்காருபவருக்குத்தான் கடல்நோய் எளிதில் பற்றுகிறது. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரையால் பெரும்பாலும் பயனில்லை. புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு தூக்கம் வரவழைக்கிறது என்பதை அதற்கும் முன்னதாகவே கரையில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.