வாடகை வீட்டு வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறுவதற்கு முன்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வீட்டை வாடகைக்கு விட்டீர்கள். இருப்பவர் எழும்ப மறுக்கிறார். மாவட்ட நீதிமன்றத்தில் அடுத்த தவணைக்கு உங்கள் சாட்சியம். சட்ட நுணுக்கத்தைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். உங்கள் பங்கு வேறு.

முதலில், வழக்கு எந்தக் காரணத்தில் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாடகைப் பாக்கியா, எழுத்துச் சம்மதமின்றி வேறொருவருக்குக் கீழ்வாடகைக்கு விட்டதா, உங்கள் குடும்பத்துக்கே வீடு தேவையா? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்றும் கேட்டுவையுங்கள். பாக்கிக்கு வழக்குப் போட்டுவிட்டுக் கூண்டில் மகனின் கல்யாணக் கதையைச் சொன்னால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம்தான்.

அடுத்து கடதாசிகள்: உறுதி, வாடகை ஒப்பந்தம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வெளியேறும்படி அனுப்பிய அறிவித்தலின் பிரதி. அந்தப் பிரதியோடு பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும். சிறு துண்டுதான், ஆனால் அறிவித்தல் போன திகதியை அதிலுள்ள தபாலக முத்திரை சொல்லும். நம் ஊர் ஈரத்தில் மை பரவிவிடும், பொலித்தீன் உறையில் வையுங்கள். வாடகை வாங்கி எழுதிய கொப்பியை அழகாகத் திருப்பி எழுதிக் கொண்டுபோகாதீர்கள். தேத்தண்ணீர்க் கறை படிந்த பழைய கொப்பிக்குத்தான் மதிப்பு.

பாக்கி வழக்கென்றால் நகர சபையிலும் விசாரியுங்கள். வாடகைக்கு இருப்பவர் வாடகையை உங்களிடம் தராமல் உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்த மேற்சொன்ன சட்டம் இடமளிக்கிறது. "ஒரு சதமும் தரவில்லை" என்று நீங்கள் சொல்லி முடித்த பிறகு அவர் அங்கே செலுத்திய பற்றுச்சீட்டுகள் வெளியே வரக்கூடாது.

மலையகத்தில் பலர் கோட்டைவிடுவது மொழியில். இங்கே நீதிமன்றப் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. மொழி விளங்காத வழக்காளிக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடைத்தெருச் சிங்களத்தை நம்பிக் கூண்டில் வீறாப்புக் காட்ட வேண்டாம். "பிந்தித் தந்தார்" என்பது "தந்தார்" என்று பதிவானால் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஒரு வாக்கியம் சொல்லுங்கள், மொழிபெயர்த்து முடியும்வரை நிறுத்துங்கள்.

குறுக்கு விசாரணையில் இவை வரலாம்: முற்பணம் எவ்வளவு? அதைப் பாக்கியில் கழித்தீர்களா? கூரை ஒழுகியதைத் திருத்தினீர்களா? தண்ணீரை வெட்டினீர்களா? வெட்டியிருந்தால் இன்றே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள், கூண்டில் அவருக்கு அதிர்ச்சி கொடுக்காதீர்கள். ஞாபகமில்லாததை "ஞாபகமில்லை" என்றே சொல்லலாம்.

மழைக்காலமென்றால் மண்சரிவால் பாதை மூடப்படலாம், முதல் பஸ்ஸையே பிடியுங்கள். அன்று வழக்கு எடுபடாமல் தவணை போட்டால், புதிய திகதியை எழுதிக்கொண்டு வாருங்கள்.