சென்னை பால்கனில ஃபெர்ன் சாகாம வளக்குறது எப்படி

ஃபெர்ன்னா பூவே பூக்காத, இலை அழகுக்காக வளக்குற பெரணிச் செடி. நர்சரில பச்சைப்பசேல்னு தொங்கிட்டிருக்கும், ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டுவோம், மூணாவது வாரம் ஓரமெல்லாம் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கும். எனக்கு இப்படியே நாலு தொட்டி போச்சு. வெயில்தான் காரணம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், ஆனா வெயிலே படாத மூலைல இருந்ததும் கருகுச்சு. கடைசில பாத்தா நான் ஊத்துன போர் தண்ணில இருந்த உப்புதான் வில்லன்.

மொதல்ல எந்தச் செடின்னு பாத்துக்கோங்க. மெய்டன்ஹேர் பாக்க அழகா இருக்கும், ஒருநாள் தண்ணி மறந்தா போச்சு, புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. ஃபிஷ்போன்னு கேட்டு வாங்குங்க, மீன் முள்ளு மாதிரி இலை நேரா நிக்கும், மண்ணுக்கடில குட்டி குட்டியா உருண்டைக் கிழங்கு வெச்சு தண்ணி சேத்து வெச்சுக்கும், அதனால ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் தாங்கும். பாஸ்டனும் இதுக்குச் சொந்தக்காரன்தான், ஆனா கொஞ்சம் செல்லம். பேர்ட்ஸ் நெஸ்ட்டும் ஓகே, நடுக்குருத்துல மட்டும் தண்ணி தேங்க விடாதீங்க, அழுகிடும். பழைய வீட்டு செங்கல் சுவத்துல, கிணத்துக்குள்ள தானா மொளச்சு நிக்குமே ஒரு ஃபெர்ன், அதுவும் தொட்டில நல்லாவே வரும், காசும் கெடையாது.

தொட்டிக்கு மண் தொட்டிய விட பிளாஸ்டிக் எனக்கு சரியா வருது, மண் தொட்டி சுத்தியும் ஈரத்த விட்டுடுது. கருப்பு கலர் வேணாம், சூடேறும். கலவை ரெண்டு பங்கு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு உடைச்ச செங்கல் துண்டு இல்லன்னா பெர்லைட் (நர்சரில கெடைக்கிற லேசான வெள்ளைக் கல்லு மணி). கோகோபீட்ட கண்டிப்பா ரெண்டு மூணு தடவ ஊறவெச்சு பிழிஞ்சு கழுவணும், தேங்கா நார்ல உப்பு நெறைய இருக்கும், அந்த வேலைக்கு சோம்பேறித்தனப்பட்டு அப்படியே போட்டா பின்னாடி எவ்ளோ நல்ல தண்ணி ஊத்தியும் புண்ணியமில்ல.

இப்போ தண்ணி. மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கா, தொட்டி விளிம்புல படிஞ்சிருக்கா, இலை நுனி மட்டும் பழுப்பா இருக்கா, அப்போ உப்புதான். ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு ஊத்துறவங்க உண்டு (நானும்தான்), அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி, அத பாத்ரூம் கழுவ வெச்சுக்கோங்க. ஏசி சொட்டுற தண்ணிய பக்கெட்ல புடிங்க, அதுல உப்பே இருக்காது, மே மாசத்துல ராத்திரி முழுக்க ஓடுறதுல சின்னத் தொட்டிங்களுக்குப் போதும்போதும்னு கெடைக்கும். மழைக்காலத்துல மழைத்தண்ணி. மாசம் ஒருதடவ அடில வழியிற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தி உப்ப கழுவி விட்டுடணும். தெனமும் இவ்ளோ டம்ளர்னு கணக்கெல்லாம் வேணாம், விரல வெச்சுப் பாருங்க, மேல ஒரு இஞ்ச் காயப் போகுதுன்னா ஊத்துங்க. அடில தட்டு வெச்சு தண்ணி தேக்கி வெக்காதீங்க, வேர் அழுகும், கொசுவும் வரும்.

வடக்கு பாத்த பால்கனி பெஸ்ட், கெழக்குன்னா காலைல ஒரு மணி நேர வெயில் பரவால்ல. மேக்கு பாத்ததுன்னா பச்சை ஷேட் நெட் கட்டாம முயற்சியே பண்ணாதீங்க. ஏசி அவுட்டோர் யூனிட் ஊதுற எடத்துல வெச்சா ஒரே நாள்ல காலி. கத்திரி வெயில் முடியிற வரைக்கும் எல்லா தொட்டியையும் கீழ எறக்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிடுவேன், ஒண்ணு விடுற ஈரத்துல இன்னொண்ணு பொழைக்கும்.

இன்னொண்ணு, இலைக்கு அடில வரிசையா பழுப்புப் புள்ளி வரும், பூச்சின்னு பயந்து மருந்தடிச்சிடாதீங்க, அது அதோட விதை மாதிரி, ஸ்போர். பூச்சின்னா இப்படி ஒழுங்கா வரிசைல உக்காராது. மாவுப்பூச்சி வந்தா பஞ்ச தண்ணில நனைச்சு தொடைச்சு எடுங்க, ஃபெர்ன் இலை ரொம்ப மெல்லிசு, வேப்பெண்ணெய் கெட்டியா அடிச்சா இலையே கருகும்.

கொல்லிமலைல சூப்புக்கு விக்கிறாங்களே முடவாட்டுக்கால் கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரி முடியோட இருக்கும், அதுவும் ஒரு ஃபெர்ன்தான், பாறைலயும் மரத்துலயும் ஒட்டி வளர்றது. மொளை இருக்குற பச்சைத் துண்டா கெடைச்சா தேங்கா மட்டைல கட்டித் தொங்க விடுங்க, மண்ணே வேணாம். கோடைல பச்சை இலையெல்லாம் கொட்டி வெறும் பழுப்பு இலையா நிக்கும், எங்கம்மா செத்துப்போச்சுன்னு குப்பைக்குக் கொண்டு போய்ட்டாங்க, ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன், மழை வந்ததும் துளுத்துடுச்சு.