169.254 என்று தொடங்கும் முகவரி: கணினிக்கு ஐபி கிடைக்காதபோது எங்கே தேடுவது?

வைஃபை சின்னத்தில் கோடுகள் நிறைந்திருக்கின்றன, கடவுச்சொல்லும் சரிதான், பக்கத்தில் இருக்கும் கைப்பேசியில் காணொளி தங்குதடையின்றி ஓடுகிறது. கணினி மட்டும் "இணையம் இல்லை" என்று அடம்பிடிக்கிறது. உடனே ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுகிறோம், யாரோ எழுதிய ஐந்தாறு கட்டளைகளை வரிசையாகத் தட்டுகிறோம். சில நேரம் சரியாகிவிடும். எதனால் சரியானது என்பது மட்டும் தெரியாது. அதே தொல்லை மறுபடி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இந்தக் கோளாறுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. கணினி தன் நிலையை ஓர் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், பழுது கணினியிலா, கேபிளிலா, ரவுட்டரிலா என்பது பாதி விளங்கிவிடும். ஆகவே முதலில் பார்ப்போம், பிறகு கை வைப்போம்.

விளக்கம் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றை வைத்துப் போகிறது. மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் சுருக்கமாக உண்டு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முகவரி எப்படி வருகிறது?

வீட்டு ரவுட்டருக்குள் டிஹெச்சிபி என்ற பகுதி இருக்கிறது. வலையில் புதிதாகச் சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி, அதாவது வலைக்குள் அவற்றை அடையாளம் காட்டும் எண், வழங்குவது அதன் வேலை. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே நடக்கும் பேச்சு நான்கே வரிதான்:

கணினி: "யாராவது எனக்கு ஒரு முகவரி தருகிறீர்களா?"
ரவுட்டர்: "192.168.1.23 காலியாக இருக்கிறது, வேண்டுமா?"
கணினி: "அதையே எடுத்துக்கொள்கிறேன்."
ரவுட்டர்: "சரி, 24 மணி நேரத்துக்கு அது உன்னுடையது."

இந்தப் பேச்சின் விதிகள் 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணத்தில் இருக்கின்றன. கடைசி வரியில் வரும் காலக்கெடுவுக்கு லீஸ் என்று பெயர். அது எவ்வளவு என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். பாதிக் காலம் கழிந்ததும் கணினி தானாகவே நீட்டிப்புக் கேட்கும். நீட்டிப்புக் கிடைக்காவிட்டாலும் கெடு முடியும்வரை பழைய முகவரியை விடாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படியில் தேவைப்படும்.

படி 1: எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். எழுத்துக் கூட்டினால் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. இடையில் இடைவெளி இல்லை.

பத்தி பத்தியாகத் தகவல் வந்து விழும். விபிஎன் அல்லது மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவியிருந்தால் அவற்றுக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் கேபிளில் இணைந்திருந்தால் ஈதர்நெட் என்ற தலைப்பையும், இல்லையென்றால் வைஃபை என்ற தலைப்பையும் மட்டும் பாருங்கள். அதன் கீழே "ஐபிவி4 அட்ரஸ்" என்ற வரி எப்படி இருக்கிறது?

192.168 என்றோ 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் முகவரி கிடைத்திருக்கிறது என்றே பொருள். இணையம் வராததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்: "டீஃபால்ட் கேட்வே" (வெளியே இணையத்துக்குப் போகும் வாசல்) என்ற வரியில் இருக்கும் எண் உங்கள் ரவுட்டருடையதுதானா? வீட்டில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றைச் செருகிவிட்டு அதன் டிஹெச்சிபியை அணைக்க மறந்திருந்தால், அது போட்டிக்கு முகவரி கொடுத்துக் கணினியைத் தவறான வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. பதில் வராதபோது விண்டோஸ் இந்த வரிசையிலிருந்து ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இப்படித்தான். இந்த எண்ணை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: நெட்வொர்க் அட்டை உயிரோடிருக்கிறது, இணைப்பு இருப்பதாக அது நம்புகிறது.

"மீடியா டிஸ்கனெக்டட்" என்று இருந்தால் கேட்பதற்கே வழியில்லை. நேராக மூன்றாம் படிக்குப் போங்கள். அந்தத் தலைப்பே காணவில்லை என்றால் அட்டை முடக்கப்பட்டிருக்கிறது அல்லது டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் தேடுங்கள்.

எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். அது ஐபிவி6 என்ற வேறொரு முகவரி முறைக்கு உரியது. நலமாக இருக்கும் கணினியிலும் இருக்கும்.

படி 2: மற்ற கருவிகளிடம் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

"கைப்பேசியில் இணையம் வருகிறது, ஆகவே ரவுட்டர் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது அவசரம். கைப்பேசி நேற்றே வாங்கிய முகவரியின் கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம். ரவுட்டரின் டிஹெச்சிபி படுத்து வெகுநேரம் ஆகியும், ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் கருவிகள் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகக் கேட்பவருக்குத்தான் கையை விரிக்கும்.

எனவே கைப்பேசியின் வைஃபை அமைப்பில் அந்த வலையை மறக்கச் செய்து, கடவுச்சொல் கொடுத்து மீண்டும் இணையுங்கள். "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற இடத்திலேயே அது நின்றுவிட்டால் பழுது ரவுட்டரில். உடனே இணைந்துவிட்டால் சந்தேகம் கணினிப் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்றுதான் சொல்கிறேன். உறுதி செய்ய ஆறாம் படி இருக்கிறது.

படி 3: கேபிளும் விளக்குகளும்

கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் பெரும்பாலும் சிறு விளக்கு இருக்கும். இரு முனைகளிலும் அது எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி "டிக்" என்ற ஒலி கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். ரவுட்டரில் வேறொரு துளைக்கு மாற்றுங்கள். முடிந்தால் கேபிளையே மாற்றுங்கள். செருகியின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் தொடர்பு விட்டு விட்டு வரும்.

வைஃபையில்தான் சிக்கல் என்றால், ஒருமுறை கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் முகவரி வந்துவிட்டால் டிஹெச்சிபி நலம், வைஃபை அட்டையும் அதன் அமைப்பும் மட்டுமே பாக்கி.

படி 4: அணைத்துப் போடுவதாக இருந்தால் முறையாக

முதலில் மோடம், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியில் கணினி. கணினியில் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், கணினியின் உள்நிலையில் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். டிரைவரின் கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதை மட்டும் குத்திவிடாதீர்கள். அது மறுதொடக்கப் பொத்தான் அல்ல. இணைய நிறுவனம் பதிந்து கொடுத்த பயனர்பெயர் உட்பட அனைத்தையும் அழித்துவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும்.

படி 5: மீண்டும் கேட்க வையுங்கள்

கறுப்புத் திரையை இந்த முறை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்து, ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு ரிலீஸ் என்று தட்டுங்கள். அதன் பிறகு அதே முறையில் ரிலீஸ் இருந்த இடத்தில் ரினியூ. சற்று நேரத்தில் 192.168 வந்துவிட்டால் வேலை முடிந்தது. "டிஹெச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், கணினி கேட்டது, பதில் இல்லை என்பது மீண்டும் உறுதியாகிறது. மீண்டும் மீண்டும் அதே கட்டளையைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இரண்டு சிறு சோதனைகளையும் இப்போதே முடித்துவிடலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய் உங்கள் இணைப்பின் பண்புகளைத் திறந்தால் "ஐபி அசைன்மென்ட்" என்று இருக்கும். அது ஆட்டோமேட்டிக் நிலையில்தானே இருக்கிறது? அலுவலகத்திலிருந்து வந்த கணினிகளில் யாரோ எப்போதோ எழுதிவைத்த நிலையான முகவரி அப்படியே கிடக்கும். அடுத்து, சர்வீசஸ் பட்டியலில் "டிஹெச்சிபி கிளையன்ட்" ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நின்றிருந்தால் தொடங்கிவிடுங்கள்.

படி 6: முகவரியை நாமே எழுதிப் பார்ப்பது

என்னைக் கேட்டால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். ரவுட்டரைக் கேட்காமல் நாமே ஒரு முகவரியைக் கொடுத்து, அதோடு ரவுட்டரை எட்ட முடிகிறதா என்று பார்க்கப் போகிறோம்.

ரவுட்டரின் முகவரி அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இணைந்திருக்கும் கைப்பேசியின் வைஃபை விவரங்களிலும் கேட்வே என்ற பெயரில் கிடைக்கும். அது 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். முன்பு பார்த்த ஐபி அசைன்மென்டை மேனுவல் ஆக்கி, ஐபிவி4-ஐ இயக்குங்கள். ஐபி முகவரிக்கு 192.168.1.240 போல, வேறு கருவி எதுவும் வைத்திருக்காத எண்ணைக் கொடுங்கள். முதல் மூன்று பகுதிகள் ரவுட்டருடையதோடு ஒத்திருக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, விண்டோஸ் 10 அதற்குப் பதிலாக முன்னொட்டு நீளம் கேட்டால் 24. கேட்வே, டிஎன்எஸ் இரண்டுக்கும் 192.168.1.1. சேமியுங்கள்.

இப்போது கறுப்புத் திரையில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். நான்கு வரிகள் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது: "ரிப்ளை ஃப்ரம்" என்ற சொற்களைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. அதை அடுத்து வரும் எண் ரவுட்டருடையதா, நீங்கள் இப்போது எழுதிய 192.168.1.240-ஆ என்று பாருங்கள். உங்களுடைய எண்ணே வந்து, "அன்ரீச்சபிள்" என்ற சொல்லும் இருந்தால், ரவுட்டரை எட்ட முடியவில்லை என்று உங்கள் கணினியே உங்களிடம் சொல்கிறது. கீழே வரும் கணக்கில் விண்டோஸ் அதையும் "வந்து சேர்ந்தது" என்றே எண்ணும்.

ரவுட்டரே பதில் சொன்னால், கேபிள், அட்டை, டிரைவர், வைஃபை எல்லாம் நலம். முகவரி வழங்கும் பேச்சு மட்டும்தான் அறுந்திருக்கிறது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போய், டிஹெச்சிபி பகுதியைத் திறங்கள். அது இயங்குகிறதா? இயங்கினால், வழங்கும் எண்களின் எல்லை என்ன? 100 முதல் 149 வரை என்றிருந்தால் மொத்தம் 50 முகவரிகள். தாராளம் என்று தோன்றும். கைப்பேசிகள், தொலைக்காட்சி, கேமராக்கள், மின்விளக்குகள் என்று வீட்டில் எல்லாமே முகவரி கேட்கும் காலம் இது. லீஸ் ஏழு நாள் என்றிருந்தால், வந்துபோன விருந்தினரின் கைப்பேசி வாங்கிய எண்ணும் அதுவரை காலியாகாது. எல்லையை விரியுங்கள் அல்லது லீஸைக் குறையுங்கள். ரவுட்டரில் எல்லாம் சரியாகவே இருந்தால், கணினியில் இருக்கும் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். டிஹெச்சிபி பேச்சு போய்வரும் வழிகளான யுடிபி 67, 68 ஆகிய இரு போர்ட்களை அது அடைத்துவிட்டால் பிங் போகும், டிஹெச்சிபி மட்டும் போகாது.

ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றால் தரவே போய்ச் சேரவில்லை. விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். நிறுத்திவைப்பது பல நேரம் போதாது. டிவைஸ் மேனேஜரில் அட்டையை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் ஏற்றும். ரவுட்டரில் மேக் ஃபில்டர் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி; மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸில் "ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்" இயங்கினால் கணினி வேறு அடையாளத்தோடு போய் நிற்கும். ஃபில்டர் அதை உள்ளே விடாது. இவை எதுவும் பலிக்காதபோது செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட். வைஃபை கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். விபிஎன் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டி வரலாம்.

முடிவு எதுவானாலும் ஐபி அசைன்மென்டை மீண்டும் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள். "இதுவே வேலை செய்கிறதே" என்று விட்டுவைத்தால், ஒருநாள் ரவுட்டர் அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்து இரண்டும் மோதிக்கொள்ளும்.

மேக், லினக்ஸ்

மேக் கணினியும் இதே 169.254 எண்ணைத்தான் சூட்டிக்கொள்ளும். "செல்ஃப் அசைன்ட் ஐபி" என்று நேரடியாகவே சொல்லிவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், பிறகு உங்கள் இணைப்பின் டீட்டெய்ல்ஸ், அதில் டிசிபி ஐபி. அங்கே "ரினியூ டிஹெச்சிபி லீஸ்" என்ற பொத்தான் இருக்கிறது. லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ஐபி என்று தட்டி, இடைவெளி விட்டு, ஏ என்று தட்டினால் முகவரி தெரியும். பல லினக்ஸ் வகைகள் 169.254 சூட்டிக்கொள்வதில்லை; ஐநெட் என்ற வரியே இல்லாமல் இருப்பதுதான் அங்கே அறிகுறி. ஆறாம் படியின் சோதனை இரண்டிலும் அப்படியே பொருந்தும். பிங் மட்டும் நான்கோடு நிற்காது. கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தி நிறுத்த வேண்டும்.