சின்னக் குளியலறைக்குள் வாஷிங் மெஷினும் கீசரும்

மெஷின் வாங்கக் கிளம்பும் முன் கழிவுநீர் போகும் வழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரும் தண்ணீருக்கான குழாயை எப்படியாவது நீட்டிக்கொள்ளலாம். வடிகாலை அப்படி இழுக்க முடியாது. மெஷினுக்கு எந்த மூலை என்பதை முடிவு செய்வது அதுதான்.

முதலில் அளவு. ஃப்ரண்ட் லோடு பெரும்பாலும் 60 செ.மீ. அகலம் இருக்கும். பின்னால் ஹோஸுக்கு 10 செ.மீ. விடுங்கள். டாப் லோடில் மூடி மேலே திறப்பதால் அதற்கு மேல் அலமாரி அடிக்க முடியாது. இடம் குறைவென்றால் என் ஓட்டு ஃப்ரண்ட் லோடுக்குத்தான். (குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். சிரிக்காதீர்கள்.)

அடுத்தது கழிவு ஹோஸ். இங்கே அவசரம் வேண்டாம். என் வீட்டில் மெஷினை மாட்ட வந்தவர் ஹோஸைத் தரையோடு தரையாக இழுத்து வடிகால் ஜாலிக்குள் சொருகிவிட்டுப் போனார். குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, டிரம் மட்டும் நிறையவே இல்லை. ஹோஸ் முழுக்கத் தாழ்வாகக் கிடந்தால், உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வெளியே ஓடிவிடும். மெஷினில் கோளாறு ஒன்றும் இருக்காது. ஹோஸை மெஷினுக்குப் பின்னால் 60 முதல் 90 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, கூடவே தரும் பிளாஸ்டிக் கொக்கியில் வளைத்து மாட்டி, அப்புறம் கீழே இறக்குங்கள். ஹோஸ் நுழையும் வடிகால் வாயைச் சுற்றி டேப் ஒட்டி அடைக்காதீர்கள், காற்றுக்கு இடைவெளி வேண்டும்.

சரி, கீசர். 15 லிட்டர் போதுமா? 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு 25 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். ஒருவர் குளிக்கத் தாராளம். கதவுக்கு மேலே காலியாகக் கிடக்கும் சுவரில் படுக்கைவச கீசர் கச்சிதமாக உட்காரும். ஆனால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருக்க வேண்டும்.

சூடாகும்போது கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். விரிவடையும் நீர் அப்படித்தான் வெளியேறும், அடைத்துவிடாதீர்கள். அதற்கு நேர் கீழே மெஷினையோ பிளக்கையோ வைக்கக் கூடாது.

கீசர் 2,000 வாட். மெஷினில் சுடுநீர்ச் சலவை போட்டால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). மல்டி பிளக் வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: கேஸ் கீசர் சின்னதாக இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, சுடுநீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.