சங்கப் பாட்டுக்கு உரிமை இல்லை, உரைக்கு உண்டு

சின்னதாக ஒரு தமிழ் ஏஐ மாடலை ட்ரெயின் செய்யப் பழைய நூல்களைச் சேர்க்கிறீர்களா? அட்டையை விடுங்கள், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பதிப்புரிமை யாருக்கு என்று பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும்.

நான் பார்க்கவில்லை. சங்க இலக்கியம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு பதிப்பை முழுசாக ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டேன். பக்கத்துக்கு நாலு வரி பாட்டு, மீதியெல்லாம் உரை. உரை எழுதியவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்! மூன்று நாள் ஓட்டிய ட்ரெயினிங்கைத் தூக்கிப் போட்டேன்.

அதனால் மூலம், உரை, மொழிபெயர்ப்பு, முன்னுரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இந்தியாவில் எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. பாரதிதாசன் மறைந்தது 1964. கணக்குப்படி 2024 டிசம்பர் 31 வரை உரிமை ஓடியிருக்கும். ஆனால் தமிழக அரசு அதற்கு வெகுமுன்பே அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே 60 ஆண்டு ஆகவில்லையே என்று ஒதுக்கும் முன் நாட்டுடைமைப் பட்டியலையும் பாருங்கள். அந்த நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கின்றன.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இருந்தாலே உரிமை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஏற்றியவையும் அங்கே உண்டு. கோப்பின் தலைப்புப் பகுதியில் நன்றி சொல்லியிருப்பார்கள், படியுங்கள். மாடலுக்குப் போகும்போது அந்தப் பகுதியை வெட்டத்தான் வேண்டும். நான் அதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

'ஃபேர் யூஸ் இருக்கிறதே' என்பார்கள். நியாயமான பயன்பாட்டுக்கு அனுமதி வேண்டாம் என்கிற அது, அமெரிக்கச் சட்டம். அங்கேயும் 2025 ஜூனில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப், புத்தகங்களைக் கொண்டு ட்ரெயின் செய்தது ஃபேர் யூஸ் என்றார். திருட்டுப் பிரதிகளை இறக்கி நூலகமாகச் சேர்த்து வைத்ததற்கு அது பொருந்தாது என்றார். டெலிகிராமில் வந்த பிடிஎஃப்பை நான் தொடாததற்கு அதுவே போதும். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இன்னும் குறுகலானது: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், செய்தி என்று நோக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வீட்டு லேப்டாப்பில் சோதிப்பது ஒன்று, மாடலை விற்பது வேறு.

அப்புறம், ஒரு எக்செல் தாள். நூல், யார் எழுதிய பகுதி, மறைந்த ஆண்டு, எங்கே எடுத்தது, கோப்பு எண். யாராவது 'என் உரையை எடு' என்று கேட்டால் அந்தக் கோப்பு எண்ணைப் பிடித்து நீக்கிவிட்டு, மறுபடி ட்ரெயின் செய்யலாம்.