லப்டொப் வாங்கும் முன் சூட்டையும் பழுதையும் பார்ப்பது எப்படி?

போன வருடம் ஆனி மாதம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் தங்கச்சிக்கு ஒரு லப்டொப் வாங்கினோம். கடையில் ஏசிக் குளிரில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டில், சூடான கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில், ஒன்லைன் வகுப்பு முடிவதற்குள் விசிறி இரையத் தொடங்கிப் படம் நின்று நின்று வந்தது. அந்த மொடலே அப்படித்தான் என்று பிறகுதான் அறிந்தோம். அதனால் மட்டக்களப்பில் லப்டொப் வாங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது, சூட்டைப் பாருங்கள் என்பதுதான்.

முதல் வேலை வீட்டிலேயே. லப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மொடல் இலக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வருகிற இரண்டில் ஒன்றுக்கு ஒரு விசிறியும் மற்றதற்கு இரண்டும் இருக்கலாம். அந்த இலக்கத்தோடு ஹிஞ்ச் (மூடியின் பிணைச்சல்), கீபோர்ட், ஹீட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். முறைப்பாடு இல்லாத மொடல் கிடையாது. ஆனால் பலருக்கும் ஒரே இடத்தில் உடைந்திருந்தால் அது வடிவமைப்பின் பிழை. 2015 முதல் 2019 வரை வந்த மக்புக் பலவற்றில் இருந்த பட்டர்ஃப்ளை கீபோர்ட் அப்படித்தான். சிறு தூசிக்கே எழுத்துகள் சிக்கின, 2018இல் அப்பிள் இலவசமாகத் திருத்தித் தரத் தொடங்கியது. பாவித்த மக்புக் தேடுகிறவர்கள் ஆண்டைப் பாருங்கள்.

லப்டொப்புகளைச் சோதித்து எழுதும் நோட்புக்செக் தளத்தில் உங்கள் மொடல் இருந்தால், முழு வேலை கொடுத்தபோது கீபோர்ட் எத்தனை பாகை சுட்டது என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே அறையின் வெப்பநிலையும் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். 21 பாகை அறையில் 45 பாகை என்றால், 32 பாகை இருக்கும் நம் வீட்டில் ஏறக்குறைய 11 பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சூடு அவ்வளவு ஏறவில்லையென்றால், அதை அடக்க இயந்திரம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

சரி, இனிக் கடை. சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO), புரொசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 (Cinebench R23) என்ற இரண்டு மென்பொருளையும் பென்டிரைவில் கொண்டுபோங்கள், இரண்டும் இலவசம். "அண்ணா, ஒரு கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று முதலே போனில் கேட்டுவிடுங்கள். ஏசி படாத, வாசல் பக்க மேசையாகக் கேளுங்கள். சார்ஜரைக் குத்திவிட்டு சினிபெஞ்சின் 10 நிமிடச் சோதனையை ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் புரொசசரின் வெப்பத்தையும் வேகத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் வேகம் உச்சத்துக்குப் போய் இறங்குவது வழமை. இரண்டாம் நிமிட வேகத்தையும் பத்தாம் நிமிட வேகத்தையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். சூடு 95, 100 பாகையைத் தொட்டுவிட்டு இறங்கினால் பயமில்லை. அங்கேயே நின்று, வேகம் 3 கிகாஹேர்ட்ஸிலிருந்து 2க்குக் கீழே விழுந்தால் எனக்கு அந்த மொடல் வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே புறங்கையைக் கீபோர்ட்டின் மேல் வரிசையில் வையுங்கள். சில விநாடிகூட வைக்க முடியவில்லையென்றால் மடியில் வைத்துப் படிக்க முடியாது. காற்று வெளிவரும் துளையருகே ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடியுங்கள். விசிறி இரைகிறது, டிக்கெட் அசையவில்லை என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, அல்லது விசிறி சரியில்லை.

அப்புறம் உடம்பு. மூடியை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் திறங்கள். ஹிஞ்ச் பக்கம் நெறுநெறுவென்றாலோ பிளாஸ்டிக் பிளந்தாலோ விட்டுவிடுங்கள். மூடிய லப்டொப்பைக் கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள். ஆடினாலோ டச்பாட் மேலெழுந்திருந்தாலோ பட்டரி வீங்கியிருக்கக்கூடும், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பாவித்ததென்றால் போன் வெளிச்சத்தில் யூஎஸ்பி துளைகளையும் திருகாணிகளையும் பாருங்கள். கல்லடி, காத்தான்குடிக் கடற்கரையோரம் இருந்த பொருளில் உப்புக்காற்று பச்சைப் பூப்பாகவோ துருவாகவோ தெரியும். பட்டரித் தேய்வு எத்தனை வீதம் என்பதையும் எச்டபிள்யூஇன்ஃபோ காட்டும். 30 வீதத்துக்கு மேலென்றால் புதுப் பட்டரியின் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

திரையில் வெள்ளைப் படமொன்றும் கறுப்புப் படமொன்றும் போட்டு, நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள், எல்லா எழுத்தையும் ஒருமுறை அடியுங்கள். காசு கொடுக்கும் முன், பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டு, தொடரிலக்கத்தோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.