ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம்: ப்ரெடிக்டட் கிரேடும் கன்டெக்ஸ்சுவல் ஆஃபரும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களோ திருச்சியிலிருந்து வந்தவர்களோ, இங்கிலாந்தில் பிள்ளையை சிக்ஸ்த் ஃபார்மில் (இயர் 12, 13 என்ற கடைசி இரண்டு பள்ளி வருடங்கள்) சேர்த்த பெற்றோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஊரில் பரீட்சை முடிந்து, முடிவு வந்து, அப்புறம்தான் இலங்கையின் இசட் ஸ்கோர், தமிழ்நாட்டின் கட் ஆஃப், கவுன்சலிங் எல்லாம். இங்கே ஏ லெவல் (பிளஸ் டூ போன்ற இறுதிப் பரீட்சை) முடிவு ஆகஸ்ட் நடுவில் வரும், ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான யூகாஸ் விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடும். இன்னும் எழுதாத பரீட்சையில் பிள்ளை என்ன எடுக்கும் என்று பள்ளிக்கூடம் கணித்துக் கொடுப்பதுதான் ப்ரெடிக்டட் கிரேட். அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம், இந்த கிரேட் எடுத்தால் இடம் தருகிறோம் என்று ஆஃபர் கொடுக்கிறது.

"இயர் 12 தானே, கடைசி வருடத்தில் பிடித்துவிடலாம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். பெரும்பாலான பள்ளிகள் இயர் 12 முடிவில், ஜூன் ஜூலை வாக்கில் வைக்கும் தேர்வையும் வகுப்பு வேலைகளையும் பார்த்துத்தான் கிரேடை முடிவு செய்கின்றன. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15 என்பதால், அங்கே போக நினைக்கும் பிள்ளைக்கு செப்டம்பரிலேயே கிரேட் உறுதியாகியிருக்க வேண்டும். அதனால் கோடை விடுமுறைக்கு முன்பே பிள்ளை ஆசிரியரிடம் நேராகக் கேட்கட்டும்: எனக்கு என்ன கிரேட் போடப் போகிறீர்கள், அதை ஒரு படி உயர்த்த நான் எதைக் காட்ட வேண்டும்? சில பள்ளிகள் செப்டம்பரில் இன்னொரு தேர்வு வைக்கும், சில வைக்காது.

ஆனால் பள்ளிக்குப் போய் "எப்படியாவது மூன்று ஏ ஸ்டார் போடுங்கள்" என்று கெஞ்சுவது வேண்டாம். ப்ரெடிக்டட் கிரேட் ஏற்கெனவே தாராளமாகத்தான் இருக்கிறது. ஜில் வைனஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கணித்த கிரேடையே சரியாக எடுத்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே, சுமார் 75 சதவீதம் பேருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. யூகாஸில் மொத்தம் ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், மருத்துவத்துக்கு நான்கு. ஊதிப் பெருக்கிய கிரேடை நம்பி ஐந்தையும் உச்சத்தில் வைத்தால் ஆகஸ்டில் கையில் ஒன்றும் இருக்காது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது, நமக்கு அதுதான் முக்கியம்: நன்றாக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கணிப்பது அதிகம். ஆங்கிலம் சரளமாக வராத, வந்து இரண்டே வருடமான பிள்ளைக்குக் கணிப்பு குறைவாகத் தெரிந்தால், மார்க்கையும் வேலையையும் எடுத்துக்கொண்டு போய்க் காரணம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது.

இனி கன்டெக்ஸ்சுவல் ஆஃபர். பிள்ளை வளர்ந்த சூழலைக் கணக்கில் எடுத்து, வழக்கமாகக் கேட்கும் கிரேடைவிடக் குறைத்துக் கேட்பது. மூன்று ஏ கேட்கும் படிப்புக்கு ஒரு ஏ, இரண்டு பி போதும் என்று வரலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் இப்படி இரண்டு கிரேடு வரை குறைக்கிறது. "எங்கள் பிள்ளைக்குச் சலுகை தேவையில்லை" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 40 சதவீதம் தகுதி, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பல்கலைக்கழக இடம் பிரிக்கும்போது கிளிநொச்சிப் பிள்ளை வாங்கிய இடத்தை யாரும் குறைவாகப் பேசினோமா? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடும் அதே எண்ணம்தான். இங்கே தனியாக இடம் ஒதுக்குவதில்லை, கேட்கும் கிரேடுதான் குறைகிறது.

யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வெவ்வேறாகத் தீர்மானிக்கிறார்கள். போஸ்ட்கோடையும் பள்ளியையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். லண்டனில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பகுதியிலிருந்து எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று பார்க்கும் போலார் போன்ற அளவுகோலில் லண்டன் பகுதிகள் பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் இங்கே ஏழைத் தெருக்களிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். அப்போது பள்ளிக்கூடத்தின் நிலையும் ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸும்தான் (வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிச் சாப்பாடு) கைகொடுக்கும். "வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறானே" என்றோ கௌரவத்துக்காகவோ அதற்கு விண்ணப்பிக்காமல் விடுகிறோம். சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, அந்தப் பதிவுக்காகவாவது போடுங்கள். அரசு உதவி கிடையாது என்று விசாவில் எழுதியிருக்கும் குடும்பங்களும் வருமானம் வரம்புக்குள் இருந்தால் கேட்கலாம். லண்டன் ஆரம்பப் பள்ளிகளில் எல்லோருக்கும் கொடுக்கும் இலவசச் சாப்பாடு இதில் சேராது. தகுதி இருந்தால் யூகாஸ் கட்டணமும் தள்ளுபடி.

பெற்றோர் பட்டம் பெற்றவர்களா என்றும் படிவம் கேட்கும். அப்பா இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றாலும் அவருடைய பேராதனைப் பட்டம் பட்டம்தான், ஆம் என்றே போடுங்கள். அகதி நிலை பற்றிய கேள்வியையும் காலியாக விடாதீர்கள். படிப்பின் நடுவில் நாடு மாறியது, பள்ளி இல்லாமல் சில மாதம் போனது எல்லாவற்றையும் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள், அவர் எழுதும் ரெஃபரன்ஸில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.

ஒரு கசப்பான விஷயம். கன்டெக்ஸ்சுவல் ஆஃபர் பெரும்பாலும் ஹோம் ஃபீஸ் (உள்நாட்டு மாணவர் கட்டணம்) கட்டும் மாணவர்களுக்குத்தான். அதற்குப் பொதுவாக நிரந்தர வதிவிட உரிமையும் மூன்று ஆண்டு வசிப்பும் வேண்டும், அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று ஆண்டுக் கணக்கு இல்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் பலர் வெளிநாட்டுக் கட்டணத்தில்தான் விழுகிறார்கள். இங்கிலாந்தில் 2025-26க்கான ஹோம் ஃபீஸ் 9,535 பவுண்ட், வெளிநாட்டுக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு போகலாம். எதற்கும் முன்னால் இதைத்தான் பாருங்கள்.

மருத்துவம்தான் வேண்டும் என்று நிற்கும் வீடுகளுக்கு: கிங்ஸ் காலேஜ் லண்டனிலும் சவுத்தாம்ப்டனிலும் இத்தகைய பின்னணி உள்ள பிள்ளைகளுக்கென்றே ஆறு ஆண்டு மருத்துவப் படிப்பு உண்டு. கேட்கும் கிரேட் குறைவு, முடித்தால் கிடைப்பது அதே டாக்டர் பட்டம்.

ஆஃபர்கள் வந்த பிறகு ஒன்றை ஃபர்மாகவும் (முதல் தெரிவு) ஒன்றை இன்ஷூரன்ஸாகவும் (முதலாவது தவறினால் போகும் இடம்) வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கிரேட் இருந்தால் இன்ஷூரன்ஸ் வைத்ததில் அர்த்தமே இல்லை, இரண்டாவது குறைவாகவே இருக்கட்டும். முடிவு நாளில் ஒரு கிரேட் தவறினாலும் சில சமயம் ஃபர்ம் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் மிஞ்சிய இடங்களுக்கான கிளியரிங். அன்று காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போன் போடுவது பிள்ளையாக இருக்க வேண்டும், அப்பாவோ மாமாவோ அல்ல. விண்ணப்பதாரர் முன்பே பெயர் கொடுத்து அனுமதிக்காதவரிடம் அவர்கள் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.